கேம் டெக்ஸ்ச்சரிங்கில் டீஃபால்ட் செட்டிங் செய்யும் கோளாறுகள்: கண்டுபிடித்துச் சரிசெய்யும் வழி

சப்ஸ்டன்ஸ் பெயிண்டரில் துருவும் கீறலுமாக அசல் இரும்பாகவே தெரிந்த மாடல், கேம் எஞ்சினுக்குள் போனதும் எண்ணெய் தடவிய பிளாஸ்டிக் மாதிரி நிற்கிறது. புடைத்திருக்க வேண்டிய ஆணித்தலை குழியாகத் தெரிகிறது. சீம் (படத்தை மாடல்மேல் போர்த்துவதற்காக வெட்டிய கோடு) இருக்கும் இடமெல்லாம் கோடு விழுந்திருக்கிறது. புதிதாக இந்த வேலைக்கு வருபவர்கள் பலர் இந்தக் கட்டத்தில் "நமக்குக் கை வரவில்லை" என்று முடிவுகட்டி, டெக்ஸ்ச்சரை (மாடல்மேல் போர்த்தும் படத்தை) முதலிலிருந்து வரைய உட்கார்ந்துவிடுகிறார்கள். தயவுசெய்து உட்காராதீர்கள். மாடல் செய்யும் மென்பொருள், வண்ணம் பூசும் மென்பொருள், எஞ்சின் ஆகிய மூன்றும் தத்தம் டீஃபால்ட்டோடு வருகின்றன. ஒன்றின் டீஃபால்ட் அடுத்ததன் டீஃபால்ட்டோடு ஒத்துப்போகும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. கோளாறு பெரும்பாலும் அந்தக் கைமாறும் இடங்களில்தான் ஒளிந்திருக்கும்.

பிளெண்டர், சப்ஸ்டன்ஸ் பெயிண்டர், யூனிட்டி, அன்ரியல் ஆகிய நான்கையும் வைத்து எழுதியிருக்கிறேன். வேறு மென்பொருள் வைத்திருந்தாலும் இதே வரிசையில் போகலாம். வரிசையை மட்டும் மாற்றாதீர்கள். அளவு தவறாக இருக்கும்போது பேக்கைச் (நுணுக்கமான மாடலின் விவரங்களை எளிய மாடலுக்கான படத்தில் பதித்தெடுப்பதை) சரிசெய்வதும், பேக் தவறாக இருக்கும்போது வண்ணத்தைச் சரிசெய்வதும் வீண் வேலை.

1. முதலில் ஒரு சோதனைக் கனசதுரம் செய்யுங்கள்

உங்கள் உண்மையான மாடலை வைத்துக் கோளாறு தேடினால் குழப்பம்தான் மிஞ்சும். அதில் எது சரி, எது தவறு என்று கண்ணால் சொல்ல முடியாது. மதிப்பு முன்கூட்டியே தெரிந்த ஒரு பொருள் வேண்டும். அரை மணி நேரத்தில் செய்துவிடலாம்:

- சரியாக 1 மீட்டர் கனசதுரம், விளிம்புகளில் சின்ன பெவல்.
- ஒரு முகத்தில் "ழ" என்ற எழுத்து புடைப்பாக. இடவலமும் மேல்கீழும் ஒத்துப்போகாத எழுத்து என்பதால், யூவி (மாடலின் பரப்பைப் படத்தின்மேல் விரித்த வரைபடம்) திரும்பியிருந்தாலும் நார்மல் (பரப்பு எந்தப் பக்கம் பார்க்கிறது என்ற தகவல்) தலைகீழானாலும் உடனே தெரியும்.
- பேஸ் கலர் (அடிப்படை நிறம்) முழுக்க 128 சாம்பல்.
- ரஃப்னெஸ் (சொரசொரப்பு) படத்தில் ஐந்து பட்டைகள்: 0, 64, 128, 191, 255.
- மெட்டாலிக் (உலோகமா இல்லையா என்பது) பாதி 0, பாதி 255.

இந்தக் கனசதுரத்தை உங்கள் வழக்கமான பாதையிலேயே எஞ்சின் வரை கொண்டுபோங்கள். எந்தப் படியில் மதிப்பு மாறுகிறதோ, அங்கேதான் கோளாறு.

வேறு இரண்டு முன்னேற்பாடுகளும் உண்டு. ஒவ்வொரு மென்பொருளின் பதிப்பு எண்ணையும் குறித்துவையுங்கள். பதிப்புக்குப் பதிப்பு டீஃபால்ட் மாறுகிறது, பழைய வழிகாட்டிகள் பாதி இதனால்தான் பொருந்தாமல் போகின்றன. மாற்றப்போகும் செட்டிங் பலகையை மாற்றுவதற்கு முன் ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்துவையுங்கள். ஒரு நேரத்தில் ஒரு செட்டிங்தான். மூன்றைச் சேர்த்து மாற்றி, பிரச்சினை தீர்ந்துவிட்டால், எது தீர்த்தது என்று தெரியாது. அடுத்த மாடலில் அதே இடத்தில் மறுபடி நிற்பீர்கள்.

செலவைப் பொறுத்தவரை, பிளெண்டர், கிரிட்டா, கிம்ப் மூன்றும் இலவசம். யூனிட்டியையும் அன்ரியலையும் கற்றுக்கொள்ளக் காசு தேவையில்லை. பெயிண்டருக்குத்தான் பணம். ஆகவே சோதனைக் கனசதுரத்தைச் செய்து பழக எதையும் வாங்கவேண்டியதில்லை.

2. அளவும் அச்சும்

யூனிட்டியில் ஒரு யூனிட் என்பது 1 மீட்டர். அன்ரியலில் ஒரு யூனிட் 1 சென்டிமீட்டர். பிளெண்டரில் டீஃபால்ட் மீட்டர். திறந்ததும் கண்ணில் படும் கனசதுரம் 2 மீட்டர்.

எக்ஸ்போர்ட் செய்யும் முன் ஆப்ஜெக்ட் மோடில் கன்ட்ரோல் + ஏ அழுத்தி ரொட்டேஷனையும் ஸ்கேலையும் அப்ளை செய்யுங்கள். இதை விட்டுவிட்டால் பெவல் ஒரு பக்கம் தடியாகவும் மறுபக்கம் மெலிந்தும் வரும்.

பிளெண்டரின் எஃப்.பி.எக்ஸ். (மாடலை வேறு மென்பொருளுக்கு அனுப்பும் கோப்பு வடிவம்) எக்ஸ்போர்ட் பலகையில் டீஃபால்ட்டாக வரும் மூன்று விஷயங்கள் தொல்லை தருபவை.

"அப்ளை ஸ்கேலிங்ஸ்" டீஃபால்ட்டாக "ஆல் லோக்கல்" என்று இருக்கும். அப்படியே அனுப்பினால் யூனிட்டியில் ஆப்ஜெக்ட்டின் ஸ்கேல் 100 என்று காட்டும். "எஃப்.பி.எக்ஸ். யூனிட்ஸ் ஸ்கேல்" என்று மாற்றுங்கள், 1 ஆகிவிடும். எக்ஸ் அச்சில் மைனஸ் 90 டிகிரி திரும்பி வந்தால், யூனிட்டியின் மாடல் இம்போர்ட் பலகையில் "பேக் ஆக்சிஸ் கன்வெர்ஷன்" டிக்கைப் போடுங்கள்.

"ஸ்மூதிங்" டீஃபால்ட்டாக "நார்மல்ஸ் ஒன்லி". இதை "ஃபேஸ்" என்று மாற்றாவிட்டால், ஸ்மூதிங் குரூப் (எந்த முகங்கள் சேர்ந்து வழவழப்பாகத் தெரியவேண்டும் என்ற) தகவல் இல்லை என்று அன்ரியல் எச்சரிக்கும்.

"ஆட் லீஃப் போன்ஸ்" டிக் ஆகியிருக்கும். கதாபாத்திரத்தின் விரல் நுனியிலெல்லாம் தேவையில்லாத எலும்பு முளைத்திருந்தால் காரணம் இதுதான். எடுத்துவிடுங்கள்.

பெரிய காட்சியில் தூரத்துக் கட்டடங்கள் வியூபோர்ட்டில் மாயமாக மறைந்தால் பயப்படவேண்டாம், மாடல் எங்கேயும் போகவில்லை. வியூபோர்ட்டின் "கிளிப் எண்ட்" 1000 மீட்டரில் நிற்கிறது, அவ்வளவுதான்.

3. ஸ்மூதிங்கும் டேன்ஜென்ட்டும்

பேக் செய்த மென்பொருள் கணக்கிட்ட டேன்ஜென்ட்டும் (நார்மல் மேப்பை எந்தத் திசையில் வாசிப்பது என்று சொல்லும் அச்சு) எஞ்சின் கணக்கிடும் டேன்ஜென்ட்டும் ஒன்றாக இருந்தால்தான் நார்மல் மேப் (புடைப்பு, குழி விவரங்களைச் சொல்லும் படம்) ஒழுங்காக உட்காரும். பிளெண்டர், பெயிண்டர், யூனிட்டி, அன்ரியல் நான்குமே மிக்டீஸ்பேஸ் என்ற முறையைப் பின்பற்றக்கூடியவை. ஆனால் எஞ்சின் உங்கள் நார்மலைத் தூக்கிப் போட்டுவிட்டுத் தானே புதிதாகக் கணக்கிட்டால் அந்த ஒற்றுமை போய்விடும். அன்ரியலின் இம்போர்ட் பலகையில் நார்மலைக் "கம்ப்யூட்" செய்யும்படி இருந்தால் "இம்போர்ட்" என்று மாற்றுங்கள். யூனிட்டியில் நார்மல்ஸ் "இம்போர்ட்", டேன்ஜென்ட்ஸ் "கால்குலேட் மிக்டீஸ்பேஸ்" என்று இருக்கவேண்டும்.

பேக் செய்வதற்கு முன்பே லோபாலியை (எஞ்சினுக்குப் போகும் எளிய மாடலை) முக்கோணங்களாக்கிவிடுங்கள். ஒரு நாற்கோணத்தை எந்த மூலைவிட்டத்தில் வெட்டுவது என்பதை ஒவ்வொரு மென்பொருளும் தன் போக்கில் முடிவுசெய்யும். பேக் செய்தபோது ஒரு மாதிரியும் எஞ்சினில் வேறு மாதிரியும் வெட்டினால், தட்டையான முகத்தின் குறுக்கே எக்ஸ் வடிவ நிழல் விழும்.

பிளெண்டர் 4.1இலிருந்து ஆட்டோ ஸ்மூத் டிக் காணாமல் போய்விட்டது. அதன் இடத்தில் "ஸ்மூத் பை ஆங்கிள்" என்ற மாடிஃபையர் இருக்கிறது. பழைய பாடங்களைப் பார்த்துத் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள்.

கைக்கு அடங்கிய ஒரு விதி: எங்கே ஹார்ட் எட்ஜ் (கூர்மையாகத் தெரியும் விளிம்பு) வைக்கிறீர்களோ, அங்கே யூவி சீமும் இருக்கவேண்டும். இல்லாவிட்டால் அந்த விளிம்பில் கறைபோல ஒரு கோடு நிற்கும்.

4. பேக்: டீஃபால்ட்டை நம்பவே கூடாத இடம்

பிளெண்டரில் பேக் செய்பவர்களின் முதல் கேள்வியே "பேக் பலகை எங்கே?" என்பதுதான். ரெண்டர் எஞ்சின் டீஃபால்ட்டாக ஈவீ. சைக்கிள்ஸுக்கு மாற்றினால்தான் பலகை தெரியும்.

மாற்றியதும் அடுத்த வில்லங்கம் காத்திருக்கும். சைக்கிள்ஸின் ரெண்டர் சாம்பிள் எண்ணிக்கை 3.0 பதிப்பிலிருந்து டீஃபால்ட்டாக 4096. பேக்கும் இதே எண்ணைத்தான் எடுத்துக்கொள்கிறது. நார்மல் மேப்புக்கு 4096 சாம்பிள் தேவையே இல்லை, 16 போதும். ஏ.ஓ. (இடுக்குகளில் விழும் நிழல்) மேப்புக்கு 128இல் தொடங்கிப் பார்த்து, மணல் மணலாக இருந்தால் மட்டும் ஏற்றுங்கள். "ஒரு பேக்குக்கு ஒரு மணி நேரம் ஆகிறது" என்று நொந்துகொள்பவர்கள் முதலில் பார்க்கவேண்டியது இந்த எண்ணைத்தான்.

அதன்பின் வரிசையாக இவற்றைச் சரிபாருங்கள்.

"செலக்டட் டு ஆக்டிவ்" டீஃபால்ட்டாக டிக் ஆகாமல் இருக்கும். ஹைபாலியிலிருந்து (நுணுக்கமான மாடலிலிருந்து) லோபாலிக்கு எடுக்க இதைப் போடவேண்டும். முதலில் ஹைபாலி, கடைசியில் ஷிஃப்ட்டோடு லோபாலி என்று தேர்ந்தெடுங்கள். வரிசை மாறினால் தலைகீழாக பேக் ஆகும்.

"எக்ஸ்ட்ரூஷன்" 0 என்று இருக்கும். அப்படியே விட்டால் கதிர் லோபாலியின் மேற்பரப்பிலிருந்தே கிளம்பும். அதற்கு வெளியே துருத்திக்கொண்டிருக்கும் ஹைபாலி விவரங்கள் அறுபட்டுப்போகும். 1 மீட்டர் பொருளுக்கு 0.02 மீட்டரில் தொடங்குங்கள். குறைவாக இருந்தால் ஓட்டை ஓட்டையாக வரும், அதிகமானால் பக்கத்துப் பாகத்தின் உருவம் இதன்மேல் பதியும்.

"கிளியர் இமேஜ்" டிக் ஆகியிருக்கும். ஒரே படத்தில் பல பாகங்களை ஒன்றன்பின் ஒன்றாக பேக் செய்தால், ஒவ்வொரு முறையும் முந்தையது அழிந்துவிடும். இரண்டாவது பாகத்திலிருந்து இதை எடுத்துவிடுங்கள்.

டிஃப்யூஸ் பேக் செய்யும்போது "டைரக்ட்", "இன்டைரக்ட்", "கலர்" மூன்றும் டிக் ஆகியிருக்கும். முதல் இரண்டையும் எடுக்காவிட்டால் காட்சியில் இருக்கும் விளக்கின் நிழல் பேஸ் கலருக்குள்ளேயே உறைந்துவிடும். உலோகப் பகுதிகள் மட்டும் கறுப்பாக வந்தால் அதற்குக் காரணம் வேறு: மெட்டாலிக் 1 ஆக இருக்கும் இடத்தில் டிஃப்யூஸ் என்பதே கிடையாது. அதை எமிஷன் (தானே ஒளிரும் நிறம்) வழியாகத்தான் எடுக்கவேண்டும். பேஸ் கலரை எமிஷனில் இணைத்து "எமிட்" பேக் செய்யுங்கள்.

முடிந்ததும் படத்தைத் தனியாகச் சேமியுங்கள். பிளெண்ட் கோப்பைச் சேமித்தால் பேக் செய்த படமும் சேர்ந்து டிஸ்க்கில் உட்கார்ந்துவிடும் என்று நினைப்பது பெரிய பொறி. இமேஜ் எடிட்டரின் மெனுவில் ஒரு நட்சத்திரக் குறி நிற்கிறதென்றால் படம் இன்னும் சேமிக்கப்படவில்லை.

பெயிண்டர் பக்கம் வந்தால் கவலை வேறு. அங்கே முன்பக்க, பின்பக்கத் தூரம் இரண்டும் டீஃபால்ட்டாக 0.01. இது மீட்டர் கணக்கு கிடையாது, மாடலின் மொத்த அளவுக்குச் சார்பான விகிதம். நீளமான ஈட்டி ஒன்றையும் சின்ன மோதிரம் ஒன்றையும் ஒரே கோப்பில் வைத்தால், ஈட்டிக்குப் பொருந்தும் தூரம் மோதிரத்துக்கு மிக அதிகமாகிவிடும்.

"மேட்ச்" என்பது "ஆல்வேஸ்" என்றிருந்தால் எல்லாப் பாகங்களும் ஒன்றன்மேல் ஒன்று பதியும். உறைக்குள் இருக்கும் கத்தியின் உருவம் உறைமேல் தெரிந்தால் இதுதான் சங்கதி. "பை மெஷ் நேம்" என்று மாற்றி, பாகங்களுக்குப் பெயர் வையுங்கள். பெயரின் முன்பாதி எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கவேண்டும். முடிவில் மட்டும் லோ, ஹை என்ற விகுதிகள். பிளெண்டர் நகலெடுக்கும்போது கடைசியில் ஒட்டிக்கொள்ளும் 001 மாதிரியான எண்களைத் தேடிப்பிடித்து நீக்குங்கள். இவ்வளவும் செய்த பிறகும் ஏ.ஓ.வில் மட்டும் பக்கத்துப் பாகத்தின் கறுப்பு நிழல் விழுந்தால், ஏ.ஓ. பேக்கரின் "செல்ஃப் ஆக்லூஷன்" தனியாக "ஆல்வேஸ்" என்று இருக்கும். அதையும் மாற்றவேண்டும்.

நேரத்தை மிச்சப்படுத்த ஒரு பழக்கம்: முதல் பேக் எப்போதும் 512இல், ஆன்டிஅலையாசிங் இல்லாமல். தவறுகள் அந்த அளவிலேயே தெரிந்துவிடும். எல்லாம் ஒழுங்கானபின் 2048 அல்லது 4096க்குப் போய் ஆன்டிஅலையாசிங்கை ஏற்றுங்கள். கடைசி பேக்கில் அதை மறந்துவிட்டு, சாய்ந்த கோடெல்லாம் படிக்கட்டாக வந்திருப்பது அடிக்கடி காண்பது.

5. புடைப்பு குழியாகத் தெரிந்தால்: பச்சை சேனல்

நார்மல் மேப்பில் இரண்டு மரபுகள். ஓபன்ஜிஎல் மரபை பிளெண்டரும் யூனிட்டியும் பின்பற்றுகின்றன. டைரக்ட்எக்ஸ் மரபு அன்ரியலுடையது. இரண்டுக்கும் ஒரே வேறுபாடு, பச்சை சேனல் தலைகீழ்.

சோதனைக் கனசதுரத்தின் "ழ" எழுத்தை மேலிருந்து ஒளி விழும்படி பாருங்கள். மேல் விளிம்பு வெளிச்சமாகவும் கீழ் விளிம்பு நிழலாகவும் இருந்தால் சரி. மேல்கீழ் மாறி, இடவலம் மட்டும் சரியாக இருந்தால் மரபு மாறியிருக்கிறது. பெயிண்டரில் புராஜெக்ட் கன்ஃபிகரேஷனில் மாற்றலாம், மறுபடி வரையத் தேவையில்லை. அன்ரியலில் டெக்ஸ்ச்சரைத் திறந்து "ஃப்ளிப் கிரீன் சேனல்" போட்டாலும் போதும். இரண்டு இடத்திலும் மாற்றிவிடாதீர்கள்; திருப்பியதைத் திருப்பினால் பழைய குருடி கதவைத் திறடி என்று ஆகிவிடும்.

6. கலர் ஸ்பேஸ்: அதிகம் பேரை அலைக்கழிக்கும் டிக்

இந்த ஒரு பகுதியை மட்டும் நிதானமாகப் படியுங்கள்.

படக்கோப்பு உள்ளே வந்ததும் அது கண்ணுக்கான வண்ணம் என்று மென்பொருள் நினைத்துக்கொள்கிறது, எஸ்.ஆர்.ஜி.பி. (திரையில் காட்டும் வண்ணங்களுக்கான கணக்கு) என்று குறித்துவிடுகிறது. பேஸ் கலருக்கும் எமிஷனுக்கும் அது சரி. ரஃப்னெஸ், மெட்டாலிக், ஏ.ஓ., நார்மல், ஹைட் ஆகியவை வண்ணமே கிடையாது. படம் என்ற வடிவில் வந்திருக்கும் எண்கள் அவை. அவற்றை எஸ்.ஆர்.ஜி.பி. என்று வாசித்தால் எஞ்சின் அந்த எண்களை வளைத்துவிடும்.

எவ்வளவு வளைக்கும்? நீங்கள் 128 என்று பூசிய ரஃப்னெஸ் 0.5 ஆகப் போய்ச் சேரவேண்டும். எஸ்.ஆர்.ஜி.பி. டிக் இருந்தால் 0.22 ஆகப் போகும். 204 என்று பூசியது 0.8க்குப் பதில் 0.6. 51 என்று பூசியது 0.2க்குப் பதில் 0.03, கிட்டத்தட்ட கண்ணாடி. சொரசொரப்பான சுவர் நனைந்ததுபோல் பளபளப்பதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

இதில் கண்ணை ஏமாற்றும் ஒரு விஷயம் இருக்கிறது. 0ம் 255ம் இந்த வளைவில் அசைவதே இல்லை. நடுவில் இருக்கும் மதிப்புகள்தான் அமுங்குகின்றன. மெட்டாலிக் மேப்பில் பெரும்பாலும் 0 அல்லது 255 மட்டும் இருக்கும் என்பதால் டிக் தவறாக இருந்தாலும் அது சரியாகவே தெரியும். "மெட்டாலிக் சரியாக வருகிறதே, அப்போது செட்டிங் சரிதான்" என்று நினைத்து, ரஃப்னெஸ்ஸை மறுபடி பூச உட்காருவார்கள். சோதனைக் கனசதுரத்தில் ஐந்து பட்டை வைக்கச் சொன்னது இதற்குத்தான்: நடுப் பட்டை மூன்றும் பளபளப்புப் பக்கம் நெருங்கியிருந்தால் டிக் தவறு.

நார்மல் மேப்பில் விளைவு இன்னும் விபரீதம். தட்டையான பரப்பின் மதிப்பு 128, 128, 255. வளைந்தபின் முதல் இரண்டும் நடுப்புள்ளியிலிருந்து விலகி, பரப்பு முழுக்க ஒரு பக்கம் சாய்ந்ததுபோல ஒளி வாங்கும். சீம் எல்லாம் பளிச்சென்று தெரியும்.

எங்கே மாற்றுவது:

பிளெண்டரில் இமேஜ் டெக்ஸ்ச்சர் நோடின் கலர் ஸ்பேஸை "நான்-கலர்" ஆக்குங்கள். ஒவ்வொரு டேட்டா படத்துக்கும் தனித்தனியாக. நார்மல் மேப்பை நேராக பிரின்சிபிள்ட் நோடில் செருகாமல் நடுவில் "நார்மல் மேப்" நோட் வைக்கவும்.

யூனிட்டியில் டேட்டா படங்களுக்கு "எஸ்.ஆர்.ஜி.பி." டிக்கை எடுங்கள். நார்மலுக்கு டெக்ஸ்ச்சர் டைப்பையே "நார்மல் மேப்" ஆக்குங்கள். அப்படிச் செய்யாமல் மெட்டீரியலில் போட்டால் "ஃபிக்ஸ் நவ்" என்று ஒரு பட்டன் எட்டிப்பார்க்கும், அழுத்திவிடலாம். புராஜெக்ட் செட்டிங்கின் பிளேயர் பகுதியில் கலர் ஸ்பேஸ் "லீனியர்" என்று இருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். பழைய புராஜெக்ட்களில் "காமா" என்று இருக்கக்கூடும்.

அன்ரியலில் கம்ப்ரெஷனை "மாஸ்க்ஸ்" என்று மாற்றினால் எஸ்.ஆர்.ஜி.பி.யும் தானாகவே போய்விடும். உடனே மெட்டீரியலில் சாம்ப்ளர் டைப் பொருந்தவில்லை என்று சிவப்புப் பிழை வரும். பயந்துபோய்ப் பழைய செட்டிங்குக்குத் திரும்பிவிடாதீர்கள். டெக்ஸ்ச்சர் சாம்பிள் நோடில் சாம்ப்ளர் டைப்பையும் "மாஸ்க்ஸ்" ஆக்கினால் பிழை மறையும்.

ஃபோட்டோஷாப் நடுவில் இருந்தால் கூடுதலாக ஒன்று. அதன் கலர் செட்டிங்கில் கிரே என்பதன் டீஃபால்ட் "டாட் கெயின் 20%". அது அச்சு வேலைக்கானது. ஆர்.ஜி.பி. படத்தை கிரேஸ்கேல் ஆக்கும்போது உங்கள் மாஸ்க் மதிப்புகள் அங்கேயே நகர்ந்துவிடும். டேட்டா படங்களை ஆர்.ஜி.பி.யிலேயே வைத்திருப்பது பாதுகாப்பு.

7. எக்ஸ்போர்ட்டும் சேனல் அடுக்கும்

பெயிண்டரில் பேக் செய்த நார்மல் அழகாகத் தெரிகிறது, எக்ஸ்போர்ட் செய்த கோப்பு மட்டும் வெறும் ஊதா என்றால், பிரீசெட்டைத் திறந்து பாருங்கள். "இன்புட் மேப்ஸ்" பகுதியில் இருக்கும் "நார்மல்", நீங்கள் கையால் பூசியதை மட்டும் எடுக்கும். பேக் செய்ததும் ஹைட்டும் கலந்து வர, "கன்வெர்ட்டட் மேப்ஸ்" பகுதியில் இருக்கும் "நார்மல் ஓபன்ஜிஎல்" அல்லது "நார்மல் டைரக்ட்எக்ஸ்" வேண்டும்.

சேனல்களை அடுக்கும் வரிசையும் எஞ்சினுக்கு எஞ்சின் மாறும். அன்ரியலுக்குப் பழக்கமான அடுக்கு: சிவப்பில் ஏ.ஓ., பச்சையில் ரஃப்னெஸ், நீலத்தில் மெட்டாலிக். யூனிட்டியின் எச்.டி.ஆர்.பி. (உயர்தரக் காட்சிக்கான ரெண்டர் முறை) மாஸ்க் மேப்பில் சிவப்பு மெட்டாலிக், பச்சை ஏ.ஓ., நீலம் டீட்டெயில் மாஸ்க், ஆல்ஃபா ஸ்மூத்னெஸ். ஸ்மூத்னெஸ் என்பது ரஃப்னெஸ்ஸின் எதிர்மறை. பளபளக்க வேண்டியது மங்கலாகவும் மங்கலானது பளபளப்பாகவும் இருந்தால், தலைகீழாக்க மறந்திருக்கிறீர்கள்.

ஆல்ஃபாவில் மாஸ்க் வைத்துப் பி.என்.ஜி.யாகச் சேமிப்பதில் எச்சரிக்கை தேவை. ஆல்ஃபா 0 ஆக இருக்கும் பிக்சல்களின் வண்ணத்தைப் பல மென்பொருள்கள் தூக்கி எறிந்துவிடும். கிம்ப்பில் எக்ஸ்போர்ட் செய்யும்போது "வெளிப்படையான பிக்சல்களின் வண்ணத்தையும் சேமி" என்ற பொருளில் ஒரு டிக் இருக்கிறது, போடுங்கள். ஃபோட்டோஷாப்பில் டார்கா வடிவத்துக்குப் போய்விடுங்கள்.

சீம் ஓரத்தில் மெல்லிய கோடு, அதுவும் கேமரா விலகும்போது மட்டும் தெரிகிறதா? பேடிங் (யூவி தீவுகளைச் சுற்றி விடும் இடம்) போதவில்லை. 2048 படத்துக்கு யூவி தீவுகளுக்கு இடையில் 8 முதல் 16 பிக்சல் விடுங்கள். பெயிண்டரின் "டைலேஷன் இன்ஃபினிட்" நல்ல டீஃபால்ட், தொடாதீர்கள். பிளெண்டரின் டெக்ஸ்ச்சர் பெயிண்ட்டில் மட்டும் "பிளீட்" 2 பிக்சல்தான், அதை ஏற்றவேண்டும்.

8. எஞ்சின் இறக்குமதியும் நினைவகச் செலவும்

யூனிட்டியில் "மேக்ஸ் சைஸ்" டீஃபால்ட் 2048. நீங்கள் 4096 கொடுத்தாலும் அது சத்தமில்லாமல் பாதியாக்கிவிடும். டெக்ஸ்ச்சர் மங்கலாக இருக்கிறது என்று இன்னும் பெரிதாக எக்ஸ்போர்ட் செய்துகொண்டே போனாலும் ஒன்றும் மாறாது.

ஆனால் உடனே எல்லாவற்றையும் 4096 ஆக்கிவிடவும் கூடாது. ஒரு 2048 படம் கம்ப்ரெஸ் செய்யாமல் நான்கு சேனலோடு 16 எம்.பி. பிடிக்கும். பிசி1 என்ற கம்ப்ரெஷன் வடிவில் 2 எம்.பி., பிசி3 அல்லது பிசி7 வடிவில் 4 எம்.பி. மிப்மேப் (தூரத்தில் காட்டச் சிறிதாக்கிய நகல்கள்) சேர்ந்தால் இவற்றோடு மூன்றில் ஒரு பங்கு கூடும். 4096க்குப் போனால் எல்லாமே நான்கு மடங்கு. பிசி1க்கும் பிசி3க்கும் உள்ள அந்த இரட்டிப்பைக் கவனியுங்கள்: பயன்படாத ஆல்ஃபா சேனலைச் சுமந்து வரும் படம், ஒன்றும் தராமலே இரண்டு மடங்கு இடம் கேட்கக்கூடும். தேவையில்லாத ஆல்ஃபாவை எக்ஸ்போர்ட்டிலேயே நிறுத்துங்கள்.

பக்க அளவு 2இன் அடுக்காக இருக்கட்டும்: 512, 1024, 2048. 1000க்கு 1000 கொடுத்தால் யூனிட்டி அருகிலிருக்கும் அடுக்குக்கு நீட்டிவிடும். அன்ரியலில் மிப்மேப் கிடைக்காது.

பிக்சல் ஆர்ட் செய்பவர்களுக்கு யூனிட்டியின் டீஃபால்ட் எல்லாமே எதிராக இருக்கும். ஃபில்டரை "பாயின்ட்", கம்ப்ரெஷனை "நன்" ஆக்குங்கள். "பிக்சல்ஸ் பெர் யூனிட்" 100 என்று இருக்கும். உங்கள் டைல் 16 பிக்சல் என்றால் 16.

9. செட்டிங் எல்லாம் சரி, நிறம் மட்டும் வேறாகத் தெரிகிறதா?

கோப்பில் கை வைக்காதீர்கள். பார்க்கும் கண்ணாடி வேறு. பிளெண்டரில் வியூ டிரான்ஸ்ஃபார்ம் 2.80 முதல் ஃபில்மிக், 4.0 முதல் ஏஜிஎக்ஸ். இரண்டும் அழுத்தமான நிறங்களைத் தணித்துக் காட்டும். பேஸ் கலரை ஒப்பிடும்போது மட்டும் "ஸ்டாண்டர்ட்" ஆக்குங்கள். அன்ரியலில் ஆட்டோ எக்ஸ்போஷர் டீஃபால்ட்டாக ஓடிக்கொண்டிருக்கும். இருட்டான மாடலை நெருங்கினால் அது தானே வெளிச்சத்தைக் கூட்டும். அணைத்துவிட்டு ஒப்பிடுங்கள்.

ஒளியே இல்லாமல் மதிப்பை மட்டும் பார்ப்பது இன்னும் நம்பகம். பெயிண்டரில் சி விசையை அழுத்த அழுத்த ஒவ்வொரு சேனலாக வரும், எம் அழுத்தினால் மெட்டீரியலுக்குத் திரும்பும். அன்ரியலில் பஃபர் விஷுவலைசேஷனில் பேஸ் கலரையும் ரஃப்னெஸ்ஸையும் தனியாகப் பார்க்கலாம். இரண்டு இடத்திலும் பட்டைகள் ஒன்றாக இருந்தால் உங்கள் டெக்ஸ்ச்சர் ஒழுங்காகத்தான் போய்ச் சேர்ந்திருக்கிறது. மிச்சம் விளக்கு வைப்பவரின் வேலை.

10. பெயிண்டர் திடீரென்று மூடிக்கொண்டால்

கனமான பேக் நடக்கும்போது கிராஃபிக்ஸ் கார்டு பதில் சொல்லத் தாமதித்தால் விண்டோஸ் அதை மறுதொடக்கம் செய்துவிடும். டீஃபால்ட் பொறுமை 2 விநாடிதான். பெயிண்டரே திறக்கும்போது இதைப் பற்றி எச்சரிக்கும். பலர் அதைப் படிக்காமல் மூடிவிடுகிறார்கள். ரெஜிஸ்ட்ரியின் கிராஃபிக்ஸ் டிரைவர்ஸ் பகுதியில் டிடிஆர்-டிலே, டிடிஆர்-டிடிஐ-டிலே என்ற இரண்டு மதிப்புகளையும் 60 ஆக வைத்துக் கணினியை மறுதொடக்கம் செய்யவேண்டும். ரெஜிஸ்ட்ரியைத் தொடும் முன் அதன் நகல் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். எண் போடும் பெட்டி டீஃபால்ட்டாக ஹெக்ஸாடெசிமலில் இருக்கும். "டெசிமல்" என்று மாற்றாமல் 60 போட்டால் அது 96 விநாடி. பெரிய விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு இந்த மதிப்புகள் பழையபடி ஆகியிருக்கலாம், ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

பெயிண்டரின் கேஷ் ஃபோல்டர் எஸ்.எஸ்.டி.யில், தாராளமாக இடமுள்ள டிரைவில் இருக்கட்டும்.

11. சரியான செட்டிங்கை உங்கள் டீஃபால்ட் ஆக்குங்கள்

கனசதுரம் பிசகில்லாமல் எஞ்சின் வரை போய்விட்டதா? அந்த நிலையை அப்படியே பூட்டிவையுங்கள். பிளெண்டரில் சாம்பிள் எண்ணிக்கை, சைக்கிள்ஸ், வியூ டிரான்ஸ்ஃபார்ம் எல்லாம் வைத்து ஃபைல் மெனுவின் டீஃபால்ட்ஸில் "சேவ் ஸ்டார்ட்டப் ஃபைல்". எஃப்.பி.எக்ஸ். பலகையின் மேலே இருக்கும் பிளஸ் குறியில் எஞ்சினுக்கு ஒன்றாக பிரீசெட். பெயிண்டரில் "சேவ் ஆஸ் டெம்ப்ளேட்", கூடவே உங்கள் பெயரில் ஓர் எக்ஸ்போர்ட் பிரீசெட். யூனிட்டியின் பிரீசெட் மேனேஜரில் கோப்புப் பெயரின் விகுதியை வைத்தே இம்போர்ட் செட்டிங் தானாக அமையச் செய்யலாம்; குழுவில் எல்லோரும் ஒரே விகுதியைப் பயன்படுத்தினால் 6ஆம் படியின் தொல்லையில் பாதி அங்கேயே நின்றுவிடும்.

எல்லா செட்டிங்கையும் தொழிற்சாலை நிலைக்குத் திருப்புவதைக் கடைசி வழியாக வையுங்கள். அது கோளாறோடு சேர்த்து உங்கள் விசைக் குறுக்குவழிகளையும் துடைத்துவிடும். முதலில் கன்ஃபிக் ஃபோல்டரின் பெயரை மட்டும் மாற்றிவிட்டு மென்பொருளைத் திறங்கள். புதிதாக ஒரு ஃபோல்டர் உருவாகும். அதில் கோளாறு இல்லையென்றால் குற்றவாளி உங்கள் பழைய செட்டிங். இருந்தால் பழைய ஃபோல்டருக்குப் பழைய பெயரையே கொடுத்துவிட்டு, மாடல் கோப்பிலேயே தேடுங்கள்.